மேற்கை எலும்பு முறிவு: அறுவைச் சிகிச்சையா, அறுவையின்றி ஆறவிடுவதா?

மேற்கை எலும்பு ஒடிந்திருக்கிறது என்று எக்ஸ்-ரே படத்தைக் காட்டி மருத்துவர் சொன்னதும், உடன் வந்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ‘ஆபரேஷன் தேவைப்படுமா’ என்பதுதான். அதற்கு முன்பே கேட்டுத் தெளிய வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எலும்பு எந்த இடத்தில் ஒடிந்திருக்கிறது? தோள்மூட்டை ஒட்டிய மேல்முனையில் ஒடிவதும், தோளுக்கும் முழங்கைக்கும் இடைப்பட்ட தண்டுப் பகுதியில் ஒடிவதும் ஒரே எலும்பில் நிகழ்ந்தாலும், சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கும்போது அவை இரண்டும் வெவ்வேறு நோய்கள் என்றே கருதத் தக்கவை. தண்டில் ஒடிந்து பிளேட் (துண்டுகளை இணைக்கும் உலோகத் தகடு) வைத்து நலமடைந்த ஒருவரை எடுத்துக்காட்டி, தோளருகே ஒடிந்த எழுபது வயதுக்காரரை அறுவைக்கு உந்துவதும், தோளருகே ஒடிந்து தானாகவே ஆறிய ஒருவரைக் காட்டி, தண்டில் ஒடிந்த நாற்பது வயதுக்காரரைக் காத்திருக்கச் சொல்வதும் அடிக்கடி நடக்கின்றன. முழங்கை மூட்டை ஒட்டிய கீழ்முனை முறிவு மூன்றாவது வகை. மூட்டின் வழவழப்பான பரப்பையே அது பிளந்துவிடுவதால் பெரும்பாலும் அறுவையை நோக்கியே செல்கிறது. அதை இங்கே தொடவில்லை. குழந்தைகளின் முறிவையும் விட்டுவிடுகிறேன்; மேற்கை எலும்பின் நீள வளர்ச்சியில் ஏறத்தாழ 80 சதவீதம் அதன் மேல்முனையில்தான் நடக்கிறது என்பதால், பெரியவர்களிடம் கவலை தரும் கோணல்கூட அங்கே வளர வளர நேராகிவிடும்.

ஒப்பிடவே இடமில்லாத நிலைகளை முதலில் ஒதுக்கிவிடலாம். ஒடிந்த எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தாலோ, கைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெருங்குழாய் சேதமடைந்தாலோ, பந்து போன்ற எலும்புத் தலை ஒடிந்ததோடு கிண்ணத்திலிருந்து நழுவியும் இருந்தாலோ, அந்தத் தலையே இரண்டாகப் பிளந்திருந்தாலோ, அதே கையில் முன்கை எலும்புகளும் ஒடிந்து முழங்கை இருபுறமும் பிடிப்பின்றித் தொங்கினாலோ, அறுவை வேண்டுமா என்ற விவாதம் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடுகிறது. புற்றுநோய் பரவி வலுவிழந்த இடத்தில் எலும்பு ஒடிந்திருந்தாலும் வழக்கமாக அறுவையே பேசப்படும். இதற்கு நேர் எதிரே, துண்டுகள் அதிகம் விலகாமல் ஒன்றோடொன்று பொருந்தியே கிடக்கும் மேல்முனை முறிவுகள் இருக்கின்றன. இவை எண்ணிக்கையில் குறைந்தவை அல்ல, இவற்றுக்கு அறுவை வேண்டாம் என்பதில் கருத்து வேறுபாடும் இல்லை. விவாதம் முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவே, துண்டுகள் விலகியிருந்தும் உடனடி ஆபத்து எதுவும் இல்லாத முறிவுகளைப் பற்றியது.

மேல்முனை முறிவு பெரும்பாலும் முதியவர்களுக்கு, அவர்களிலும் பெண்களுக்கு, நின்ற நிலையிலிருந்து தடுக்கி விழுவதால் ஏற்படுகிறது. அமெரிக்க அறுவை மருத்துவர் சார்லஸ் நீர் 1970-ல் வகுத்த முறைப்படி, இந்த முனை தலை, பெரிய புடைப்பு, சிறிய புடைப்பு, தண்டு என்று நான்கு பகுதிகளாகப் பார்க்கப்படுகிறது. ஒரு பகுதி 1 சென்டிமீட்டருக்கு மேல் விலகியிருந்தாலோ 45 பாகைக்கு மேல் சாய்ந்திருந்தாலோ மட்டுமே அது தனித் துண்டாகக் கணக்கில் சேரும். அறிக்கையில் ‘மூன்று துண்டு முறிவு’, ‘நான்கு துண்டு முறிவு’ என்று எழுதப்படுவது இந்தக் கணக்குதான். ஒரே படத்தைப் பார்க்கும் இரண்டு நிபுணர்கள் வேறு வேறு எண்ணிக்கை சொல்வது அரிதன்று என்பதால், இரண்டாவது கருத்துக் கேட்கப் போன இடத்தில் துண்டுகளின் எண்ணிக்கை மாறிவிட்டால் முதலில் பார்த்தவர் தவறிழைத்தார் என்று முடிவுகட்டத் தேவையில்லை. சி.டி. ஸ்கேன் எடுத்தால் படம் தெளிவாகும். ஆனால் எப்படிச் சிகிச்சை செய்வது என்பதில் உள்ள கருத்து வேறுபாடு அதனால் முழுவதும் தீர்ந்துவிடுவதில்லை.

விலகிய துண்டுகளை மீண்டும் பொருத்தி பிளேட்டும் ஸ்க்ரூக்களும் வைத்து இறுக்கிவிட்டால் கை முன்போல் ஆகிவிடும் என்ற எண்ணம் இயல்பானது. படத்தைப் பார்க்கும் எவருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் இந்த இடத்தில் இரண்டு செய்திகள் அந்த எண்ணத்துக்கு எதிராக நிற்கின்றன. முதலாவது, உடலிலேயே அதிகமாக அசையும் மூட்டு தோள்மூட்டு. எலும்பு சற்றுக் கோணலாகக் கூடினாலும், அந்தக் குறையைத் தோள்பட்டை எலும்பின் அசைவும் மூட்டின் மிகுதியான வீச்சும் ஓரளவு ஈடுகட்டிவிடுகின்றன. முழங்காலோ கணுக்காலோ இவ்வளவு பொறுத்துப்போகாது. இரண்டாவது, முதியவர்களின் எலும்புத் தலைக்குள் இருப்பது பெரும்பாலும் மெலிந்துபோன கடற்பஞ்சு போன்ற எலும்பு. அதில் செலுத்தும் ஸ்க்ரூ உளுத்த மரத்தில் அடித்த ஆணியைப் போலப் பிடிமானம் இழக்கக்கூடும். தலை சரிந்து உட்கார்ந்தால் ஸ்க்ரூவின் நுனி அதைத் துளைத்துக்கொண்டு மூட்டுக்குள் நீட்டி, எதிரே உள்ள கிண்ணத்தைத் தேய்க்கத் தொடங்கும். அதற்கு மறு அறுவையைத் தவிர வேறு வழியிருக்காது. தலைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் முறிவின்போதே அறுபட்டிருந்தால், எவ்வளவு அழகாகப் பொருத்தினாலும் அது மெல்ல மெல்லச் செத்துப்போகவும் வாய்ப்பு உண்டு.

இந்த ஐயங்களை நேரடியாகச் சோதித்துப் பார்த்தது பிரிட்டனில் நடந்த ‘புரோஃபர்’ ஆய்வு. துண்டுகள் விலகிய மேல்முனை முறிவுள்ள 250 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினருக்கு அறுவையும் மறுபாதியினருக்கு ஸ்லிங் எனப்படும் கைத்தூளியும் கொடுத்து, இரண்டு குழுக்களுக்கும் பிசியோதெரபி அளித்து, இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். முடிவுகள் 2015-ல் வெளியாயின. தோளின் வலியையும் பயன்பாட்டையும் நோயாளியே மதிப்பிடும் ஆக்ஸ்ஃபோர்டு அளவுகோலில், 48 புள்ளிகளுக்கு அறுவைக் குழு சராசரியாக 39-ம் அறுவையில்லாக் குழு 38-ம் பெற்றன. அந்த ஒரு புள்ளிக்கும் குறைவான வேறுபாடு நோயாளியால் உணரவே முடியாத அளவு. ஐந்தாம் ஆண்டில் மீண்டும் கணக்கெடுத்தபோதும் நிலைமை மாறவில்லை.

ஆய்வின் மீது எழுந்த முதன்மையான மறுப்பு நியாயமானதுதான். அறுவை கட்டாயம் தேவை என்று மருத்துவர் கருதியவர்களும், மூட்டு நழுவியவர்களும் அதில் சேர்க்கப்படவில்லை. பங்கேற்றோரின் சராசரி வயது 66 என்பதால், முப்பது வயதுக்காரருக்கு அதன் முடிவை அப்படியே எடுத்துச் சொல்ல முடியாது. ஆயினும் அது தனித்து நிற்கும் ஆய்வன்று. குலுக்கல் முறைச் சோதனைகளைத் திரட்டி ஆராயும் காக்ரேன் அமைப்பு 2022-ல் புதுப்பித்த மதிப்பாய்வும், துண்டுகள் விலகிய மேல்முனை முறிவுகளில் அறுவை ஓராண்டிலும் ஈராண்டிலும் மேலான பலன் தரவில்லை என்றும், பின்னர் இன்னோர் அறுவை தேவைப்படும் வாய்ப்பை அது கூட்டக்கூடும் என்றும் முடிவுக்கு வந்திருக்கிறது. எனவே, அறுபத்தைந்து வயதைக் கடந்து, மூட்டு நழுவாமல், எலும்புத் தலை பிளக்காமல் ஒடிந்தவருக்கு அறுவையில்லாச் சிகிச்சையையே தொடக்க நிலைப்பாடாகக் கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. அறுவையைப் பரிந்துரைப்பவர், இந்தக் குறிப்பிட்ட தோளில் எதனால் விதிவிலக்கு என்பதை விளக்க வேண்டிய இடத்தில் இருக்கிறார்.

விதிவிலக்குகள் இருக்கவே செய்கின்றன. பெரிய புடைப்பு மட்டும் தனியே பிய்ந்து மேல்நோக்கி விலகியிருந்தால் 5 மில்லிமீட்டர் கூடப் பெரிய அளவுதான்; கையை உயர்த்தும் தசைநார்கள் அதில்தான் பற்றியிருப்பதாலும், மேலே ஏறிய துண்டு தோள்பட்டையின் கூரை எலும்பில் இடிப்பதாலும், சுறுசுறுப்பாக இயங்குபவர்களுக்கு அதைத் திரும்பப் பொருத்துவதையே பல மருத்துவர்கள் விரும்புகிறார்கள். தலைக்கும் தண்டுக்கும் இடையே எலும்பு எலும்பைத் தொடாத அளவுக்கு விலகியிருந்தால் கூடாமலே போகும் அபாயம் அதிகம். நாற்பது, ஐம்பது வயதில், எலும்பு உறுதியாக இருக்கும்போது, தலைக்கு மேல் கையை உயர்த்திச் செய்யும் தொழிலில் இருப்பவருக்கு பிளேட் வைப்பதன் நியாயம் வலுவடைகிறது. இளையோரைப் பற்றிய சோதனைகள் குறைவு என்பதால், அங்கே மருத்துவரின் அனுபவமே சான்றின் இடத்தை நிரப்புகிறது என்பதை இருதரப்பும் ஒப்புக்கொண்டு பேசுவது நல்லது.

முதியவர்களிடம் இப்போது அதிகமாகப் பேசப்படுவது ‘ரிவர்ஸ்’ தோள்மூட்டு மாற்று. பிரான்சைச் சேர்ந்த பால் கிராமோன் 1980-களில் உருவாக்கிய இந்த மூட்டில், இயற்கையாகப் பந்து இருக்கும் இடத்தில் கிண்ணமும், கிண்ணம் இருக்கும் இடத்தில் பந்தும் வைக்கப்படுகின்றன. இதனால் எலும்புத் தலையைச் சுற்றிப் பிடித்திருக்கும் சுழற்சித் தசைநார்கள் பழுதடைந்திருந்தாலும், தோளை மேலே மூடியிருக்கும் டெல்டாய்டு தசை ஒன்றே கையை உயர்த்திவிடும். நார்வேயில் 65 முதல் 85 வயது வரையிலான 124 பேரிடம் நடந்து 2020-ல் வெளியான சோதனையில், தோளின் செயல்திறனை அளக்கும், அதிக எண்ணே நல்லது என்ற அளவுகோலில், இரண்டு ஆண்டு முடிவில் ரிவர்ஸ் மூட்டு வைத்தவர்கள் நூற்றுக்கு 68 புள்ளிகளும் பிளேட் வைத்தவர்கள் ஏறத்தாழ 55 புள்ளிகளும் பெற்றார்கள். இந்த வேறுபாடு பெரியதுதான். ஆனால் இந்த எண்களை வாசிப்பவர்கள் ஒரு பள்ளத்தில் விழுந்துவிடுகிறார்கள்: அங்கே ஒப்பிடப்பட்டவை இரண்டுமே அறுவைகள். ரிவர்ஸ் மூட்டு பிளேட்டைவிட மேலானது என்றுதான் அந்தச் சோதனை காட்டுகிறதே தவிர, கைத்தூளியைவிட மேலானது என்று காட்டவில்லை. ஸ்பெயினில் 80 வயதைக் கடந்தவர்களிடம் ரிவர்ஸ் மூட்டையும் அறுவையில்லாச் சிகிச்சையையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்து 2019-ல் வெளியிட்ட சிறிய சோதனையில், ஓராண்டு முடிவில் வேறுபாடு சொற்பமாகவே இருந்தது. மேலும், முதலில் அறுவையில்லாமல் ஆறவிட்டு, வலியும் முடக்கமும் நீடித்தால் பின்னர் ரிவர்ஸ் மூட்டு வைக்கும் வழி திறந்தேயிருக்கிறது. தாமதித்துச் செய்யும் அந்த அறுவை சற்றுக் கடினமானது என்றாலும், வைத்த மூட்டை எடுத்துவிட்டுக் கைத்தூளிக்குத் திரும்பும் வழி யாருக்கும் கிடையாது.

அறுவையில்லாச் சிகிச்சை என்றால் கையைக் கட்டிப் போட்டுவிட்டுச் சும்மா இருப்பது என்ற எண்ணமே பலரை அறுவையை நோக்கித் தள்ளுகிறது. உண்மையில் முதல் இரண்டு வாரங்கள் கடுமையானவை. படுத்தால் ஒடிந்த இடம் இழுபடும் என்பதால் சாய்ந்த நிலையில் அமர்ந்தபடியே உறங்க வேண்டியிருக்கும்; கருநீல இரத்தக்கட்டு தோளிலிருந்து இறங்கி முழங்கை வரையிலும், சிலருக்கு மார்பின் பக்கவாட்டிலும் பரவும். முன்பே சொல்லப்படாவிட்டால் இதைப் பார்த்துப் பதறாதவர் இருக்க முடியாது. விரல்கள், மணிக்கட்டு, முழங்கை ஆகியவற்றை முதல் நாளிலிருந்தே அசைக்க வேண்டும். முறிவு நிலையானதாக இருந்தால், குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு ஊசல் போல ஆட்டும் பயிற்சியை முதல் வாரத்திலேயே தொடங்கலாம். மூன்று வாரம் அசையாமல் வைத்திருந்து பிறகு தொடங்குவதைவிட இவ்வாறு தொடங்குவதில் பாதகமில்லை, வலியும் விரைவில் குறைகிறது என்பதைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. தோள்மூட்டு இறுகிப்போவதுதான் இந்த வழியின் உண்மையான எதிரி. பெரும்பாலோர் தோள் உயரத்துக்கும் அதற்குச் சற்று மேலேயும் கையை உயர்த்தும் நிலையை அடைகிறார்கள். தலைக்கு மேலுள்ள அலமாரியை எட்டுவது முன்போல் எளிதாக இராது. அறுவை செய்துகொண்டவருக்கும் ஏறத்தாழ இதே எல்லைதான் என்பதை இதோடு சேர்த்தே சொல்ல வேண்டும்.

தண்டுப் பகுதிக்கு வந்தால் கதை மாறுகிறது. இங்கேயும் அறுவையில்லாச் சிகிச்சைக்கு நீண்ட மரபு உண்டு. இங்கேயும் ஆறிய பின் எஞ்சும் கோணலை உடல் வியக்கத்தக்க அளவுக்குப் பொறுத்துக்கொள்கிறது. முன்பக்கமாக 20 பாகை, பக்கவாட்டில் 30 பாகை, நீளத்தில் 3 சென்டிமீட்டர் குறைவு வரை ஏற்கத்தக்கது என்று பல பத்தாண்டுகளாகச் சொல்லப்பட்டுவரும் வரம்பைக் கேட்டால், படத்தை மட்டும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு நம்பிக்கை வராது. எனவே தண்டு முறிவில் கேள்வி, எலும்பு நேராகக் கூடுமா என்பதன்று. கூடுமா, கூடாதா என்பதே.

அமெரிக்காவில் பணியாற்றிய அகஸ்டோ சர்மியெண்டோ 1970-களில் பரவலாக்கிய பிரேஸ், தோளும் முழங்கையும் அசைய இடம்விட்டு மேற்கையை மட்டும் சுற்றி இறுக்கும் இரண்டு பிளாஸ்டிக் ஓடுகளால் ஆனது. அது எலும்பை நேரடியாகப் பிடிப்பதில்லை. சுற்றியுள்ள தசையை எல்லாப் பக்கமிருந்தும் அழுத்தி, அந்த அழுத்தத்தாலேயே துண்டுகளை வரிசையில் நிறுத்துகிறது. தொங்கும் கையின் எடை துண்டுகளைக் கீழ்நோக்கி இழுத்து நேராக்குகிறது. தொடக்கத்தில் வீக்கத்துக்காக ஒன்றிரண்டு வாரம் மாவுக்கட்டு போட்டு, வீக்கம் வடிந்ததும் பிரேஸுக்கு மாற்றுவது வழக்கம். இந்த இயக்கமுறை புரிந்தால்தான் பிரேஸ் அணிந்தவருக்கு விதிக்கப்படும் கட்டுப்பாடுகளின் பொருள் விளங்கும். நாற்காலியின் கைப்பிடியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தால் கீழிருந்து மேலே தள்ளும் விசை ஒடிந்த இடத்தை வளைத்துவிடும். ஆகவே ஊன்றக் கூடாது. வீக்கம் வடிய வடிய ஓடு தளரும். ஆகவே பட்டைகளை அடிக்கடி இறுக்க வேண்டும். உடல் பருத்தவர்களிடம் கை விலாவிலிருந்து விலகித் தொங்குவதால் எலும்பு உட்புறமாக வளைந்து கூட முனைகிறது. இந்தச் சிகிச்சையின் வெற்றியில் சரிபாதி நோயாளியின் கையில் இருக்கிறது. மயக்க மருந்தில் உறங்கி எழுந்தால் எல்லாம் முடிந்திருக்கும் என்று எதிர்பார்ப்பவருக்கு அது ஒத்துவராது.

பிரேஸில் எத்தனை பேருக்கு எலும்பு கூடுகிறது? சர்மியெண்டோவும் அவருடைய குழுவினரும் 2000-ல் வெளியிட்ட கணக்கில், இறுதிவரை பின்தொடரப்பட்ட 620 பேரில் 16 பேருக்கு மட்டுமே எலும்பு கூடவில்லை. தோல் கிழியாத மூடிய முறிவுகளை மட்டும் எடுத்தால் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. பல ஆண்டுகள் இந்த எண்ணே பிரேஸின் நற்சான்றிதழாக விளங்கியது. ஆனால் தொடக்கத்தில் சிகிச்சை பெற்றவர்கள் 922 பேர். மூன்றில் ஒரு பங்கினர் என்ன ஆனார்கள் என்பது அந்தக் கணக்கில் இல்லை. ஆறியவர் திரும்பி வராமல் இருக்கலாம். ஆறாதவரும் வேறு மருத்துவரைத் தேடிப் போயிருக்கலாம். பிரேசிலில் 110 பேரிடம் நடந்து 2017-ல் வெளியான குலுக்கல் முறைச் சோதனையில் பிரேஸ் அணிந்தவர்களில் 15 சதவீதத்தினருக்கு எலும்பு கூடவில்லை. சிறு வெட்டுகள் வழியே பிளேட் செருகப்பட்டவர்களில் ஒருவருக்குக்கூட அந்நிலை வரவில்லை. பின்லாந்தில் 82 பேரிடம் நடந்து 2020-ல் வெளியான சோதனை இன்னும் கூர்மையானது. பிரேஸ் ஒதுக்கப்பட்ட 44 பேரில் 13 பேர் ஓராண்டுக்குள் அறுவைக்குப் போக நேர்ந்தது. ஆகப் பத்தில் மூன்று பேர்.

அதே பின்லாந்துச் சோதனையின் தலைப்பு முடிவை மட்டும் படித்தவர் வேறொரு செய்தியைக் கொண்டுபோவார். ஓராண்டு முடிவில் கையின் இயலாமையை அளக்கும் நூறு புள்ளி அளவுகோலில், அறுவைக் குழுவின் சராசரி 8.9, பிரேஸ் குழுவின் சராசரி 12.0. குறைந்த எண்ணே நல்லது என்றாலும், இந்த வேறுபாடு கணக்கில் கொள்ளத்தக்கதன்று என்பதே ஆய்வாளர்களின் முடிவு. இரண்டும் சமம் என்று இதைச் சுருக்கிச் சொல்வது சரியன்று. பிரேஸ் குழுவின் சராசரிக்குள் இரண்டு வேறு கூட்டங்கள் மறைந்திருக்கின்றன: பிரேஸிலேயே எலும்பு கூடி, அறுவை செய்துகொண்டவருக்கு நிகரான கையைப் பெற்ற எழுபது சதவீதத்தினர் ஒருபுறம், பல மாதங்கள் காத்திருந்து, கூடாமல் போய், பிறகு அறுவைக்குச் சென்ற முப்பது சதவீதத்தினர் மறுபுறம். இரண்டாம் ஆண்டில் பார்த்தபோது இந்தப் பிந்தைய கூட்டம் மற்றவர்களைவிடப் பின்தங்கியே இருந்தது. ஆகவே மேல்முனையில் அறுவையைத் தவிர்ப்பவர் பெரும்பாலும் எதையும் இழப்பதில்லை. தண்டில் அறுவையைத் தவிர்ப்பவர் நல்ல வாய்ப்புள்ள ஒரு பந்தயத்தில் இறங்குகிறார், அதில் தோற்றால் பல மாதங்களும் கையின் திறனில் ஒரு பகுதியும் போகும்.

அறுவைக்கு விலை இல்லை என்று இதற்குப் பொருளன்று. மேற்கைத் தண்டின் பின்புறத்தைச் சுற்றிக்கொண்டு எலும்பை ஒட்டியே இறங்கும் ரேடியல் நரம்புதான் இங்கே எல்லோருடைய கவலையும். பிளேட் வைக்கும்போது அதைத் தேடிக் கண்டு ஒதுக்கிப் பாதுகாக்க வேண்டும்; அப்படிச் செய்தும் சிலருக்கு அது இழுபட்டு மணிக்கட்டை உயர்த்த முடியாமல் போகிறது. அவ்வாறு ஏற்படும் செயலிழப்பு பெரும்பாலும் சில மாதங்களில் திரும்பிவிடுகிறது என்றாலும், அந்த மாதங்களில் நேராகப் பிடித்து எழுதவோ ஒரு கோப்பையைத் தூக்கவோ முடியாது. தொற்று அரிது, ஆனால் இல்லாததன்று. பிளேட்டுக்குப் பதிலாக எலும்பின் உட்குழலுக்குள் நீண்ட கம்பியைச் செலுத்தினால் வெட்டுகள் சிறியவையாக இருக்கும். ஆனால் அது தோளின் தசைநார் வழியே நுழைவதால் பின்னாளில் தோள்வலி பற்றிய முறையீடுகள் கூடுதலாக வருகின்றன. வைத்த பிளேட்டைப் பிற்காலத்தில் எடுத்துவிடலாமே என்று சிலர் நினைக்கிறார்கள். வடுவுக்குள் ஒட்டிக் கிடக்கும் நரம்பை மீண்டும் கிளற வேண்டியிருக்கும் என்பதால், தொந்தரவு தராத பிளேட்டை விட்டுவைப்பதே வழக்கம்.

நரம்பைப் பற்றி இன்னொன்றையும் தெளிவாக்க வேண்டும். தண்டு முறிவு ஏற்பட்டவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 12 பேருக்கு விழுந்த அந்தக் கணத்திலேயே ரேடியல் நரம்பு செயலிழந்திருக்கும், மணிக்கட்டு தொங்கிவிடும். இதைக் கண்டதும் நரம்பு அறுந்துவிட்டது, உடனே திறந்து பார்க்க வேண்டும் என்ற பதற்றம் எழுவது இயல்பு. மூடிய முறிவில் அந்த நரம்பு பெரும்பாலும் அறுவதில்லை, நசுங்கியோ இழுபட்டோதான் இருக்கிறது. அறுவையின்றிக் காத்திருந்தவர்களிலேயே பத்தில் ஏழு பேருக்குத் தானாகத் திரும்பியதாகத் தொகுப்பாய்வு காட்டுகிறது. எனவே தொங்கும் மணிக்கட்டு மட்டுமே அறுவைக்குக் காரணம் ஆகாது. மணிக்கட்டைத் தாங்கும் பட்டை அணிந்து, விரல் மூட்டுகள் இறுகாதபடி மறு கையால் அசைத்துக் காத்திருக்கலாம். காயம் திறந்ததாக இருந்தாலோ, முதலில் இயங்கிய நரம்பு சிகிச்சைக்கு இடையே செயலிழந்தாலோ நிலைமை வேறு. அப்போது திறந்து பார்ப்பதற்கான நியாயம் வலுவாகிறது.

ஆக, தண்டு முறிவில் யார் எதைத் தேர்ந்தெடுப்பது? இங்கே சராசரிகளைவிட வாழ்க்கைச் சூழலே அதிகம் பேசுகிறது. காலிலும் முறிவு ஏற்பட்டு ஊன்றுகோலை நம்பி நடக்க வேண்டியவருக்குக் கை உடனே பாரம் தாங்கியாக வேண்டும். அவருக்கு பிளேட்டின் பக்கம் தட்டு தாழ்கிறது. இரண்டு மேற்கைகளும் ஒடிந்தவருக்கும் அப்படியே. அவர் உண்பதற்கும் கழிப்பறை செல்வதற்கும் ஒரு கையாவது வேண்டும். உடல் உழைப்பால் வாழ்பவர், எலும்பு கூடாமல் போய் ஆறு மாதம் கழித்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும் நிலையைத் தாங்க முடியாதவர் என்றால், முதலிலேயே அறுவையைத் தேர்வதில் குற்றம் காண முடியாது. மாறாக, இதய நோயோ கட்டுக்குள் வராத நீரிழிவோ மயக்க மருந்தை ஆபத்தாக்கும் ஒருவருக்கும், கத்தி படுவதை மனம் ஒப்பாதவருக்கும் பிரேஸ் நேர்மையான வழி. பத்தில் ஏழு என்பது சிறிய வாய்ப்பன்று. புகைபிடிப்பவர் எந்த வழியைத் தேர்ந்தாலும் எலும்பு கூடுவது தாமதப்படும் என்பதால், அவருக்குரிய முதல் மருந்துச் சீட்டு புகையை நிறுத்துவதுதான். முதியவர்களிடம் எந்த வழி சென்றாலும் எலும்பு மெலிவைச் சோதித்து அதற்குத் தனியே மருத்துவம் தொடங்க வேண்டும். கை ஆறிவிட்டது என்று அதை விட்டுவிட்டு, அடுத்த முறை இடுப்பு ஒடிந்த பிறகு நினைவுகூர்வதை மருத்துவமனைகள் இன்னும் முழுதாகக் கைவிடவில்லை.

பிரேஸைத் தேர்ந்தெடுத்தவர் செய்ய வேண்டிய ஒன்று உண்டு: ஆறாவது வாரத்தை நாட்காட்டியில் குறித்து வைப்பது. அன்று எடுக்கும் எக்ஸ்-ரேயில் ஒடிந்த முனைகளுக்கு இடையே புது எலும்புத் திரள் பாலம் போல் தெரிகிறதா என்பதை மருத்துவர் பார்ப்பார். பிரேஸைக் கழற்றி, மேற்கையை இரு கைகளாலும் பிடித்து மெல்ல அசைத்து, ஒடிந்த இடம் இன்னும் தனித்து அசைகிறதா என்றும் சோதிப்பார். திரள் தெரிந்து, கை ஒரே தண்டாக அசைந்தால் பிரேஸைத் தொடரலாம். பெரும்பாலும் பத்து முதல் பன்னிரண்டு வாரங்களில் அதை விட்டுவிட முடியும். திரளின் சுவடே இல்லாமல், ஒடிந்த இடம் கைக்குள் ஒரு கீல் போல அசைந்தால் அது தானாகக் கூடும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது என்று பொருள். ‘இன்னும் மூன்று மாதம் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடாமல், அறுவைக்கான தேதியை அந்தச் சந்திப்பிலேயே பேசத் தொடங்குவது நல்லது. பின்லாந்துச் சோதனையில் பின்தங்கிய அந்த முப்பது சதவீதத்தினரை முன்கூட்டியே அடையாளம் காண இப்போதைக்கு நம்மிடம் உள்ள எளிய வழி, ஆறாம் வாரத்தில் அந்தக் கையை ஒருமுறை அசைத்துப் பார்ப்பதுதான்.